மகிழடித்தீவு இறால் பண்ணையும் அரசுகளின் இறையாண்மையும்

1. ஒரு நிகழ்வு, இரண்டு பதிவுகள்

1987 ஜனவரி இறுதியில் மட்டக்களப்பின் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலையை ஒட்டிய மகிழடித்தீவில் இலங்கை விசேட அதிரடிப்படை ஒரு நடவடிக்கையில் இறங்கியது. அங்கே இயங்கிவந்த இறால் பண்ணை அழிந்தது. பண்ணைப் பணியாளர்கள் உட்படத் தமிழ்ப் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அந்த ஊர் மக்கள் இன்றும் ஆண்டுதோறும் ஜனவரியில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறார்கள். கிழக்கிலங்கைத் தமிழர்களின் நினைவில் அது இறால் பண்ணைப் படுகொலை.

பன்னாட்டுச் சட்டம் பயிலும் மாணவர்களுக்கு அதே நிகழ்வு வேறொரு பெயரில் அறிமுகமாகிறது: 'ஏஷியன் அக்ரிகல்சுரல் புராடக்ட்ஸ் எதிர் இலங்கைக் குடியரசு'. பண்ணையை நடத்திய நிறுவனத்தில் ஏறக்குறைய 48 சதவீதப் பங்கு வைத்திருந்த ஹாங்காங் நிறுவனம் 1987-லேயே இலங்கை அரசின் மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தது. வழக்கு நடந்தது கொழும்பு நீதிமன்றத்தில் அல்ல. உலக வங்கியின் அமைப்பான முதலீட்டுத் தகராறுகளுக்கான பன்னாட்டு மையத்தில் (சுருக்கமாக, இக்சிட்). 1990 ஜூன் 27 அன்று தீர்ப்பு வந்தது. இலங்கை 4,60,000 அமெரிக்க டாலரும் வட்டியும் தர வேண்டும் என்றது நடுவர் மன்றம்.

தொகை பெரிதில்லை. ஆனால், இரு நாடுகளுக்கிடையிலான முதலீட்டு ஒப்பந்தம் ஒன்றை மட்டுமே பிடித்துக்கொண்டு, ஒரு தனியார் நிறுவனம் ஓர் அரசை இக்சிட் மன்றத்துக்கு இழுத்துத் தீர்ப்புப் பெற்ற முதல் வழக்கு இதுதான். நிறுவனத்துக்கும் இலங்கை அரசுக்கும் இடையே தகராறுகளை நடுவர் மன்றத்திடம் விடுவதாக எந்த உடன்படிக்கையும் இருக்கவில்லை. பிரிட்டனும் இலங்கையும் 1980-இல் செய்துகொண்ட ஒப்பந்தம் ஹாங்காங்குக்கும் நீட்டிக்கப்பட்டிருந்தது. அதுவே போதும் என்று மன்றம் கருதியது. இந்தப் புதுமையை 1995-இல் சட்ட அறிஞர் யான் போல்சன் எடுத்துக்காட்டிய பிறகே இதன் முழு வீச்சு பலருக்கும் உறைத்தது. அன்று தொடங்கிய வழிமுறையில் 2023 இறுதிக்குள் 1,300-க்கும் மேற்பட்ட வழக்குகள் அரசுகளின் மீது தொடுக்கப்பட்டுள்ளன.

பன்னாட்டு நிறுவனங்கள் தேச இறையாண்மையை எவ்வாறு பாதிக்கின்றன என்ற கேள்வியை இந்த வழக்கிலிருந்து தொடங்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நிறுவனங்கள் அரசுகளைவிடப் பலம் பெற்றுவிட்டனவா என்று கேட்பது வழக்கம். அதைவிடக் கூர்மையாக இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: அரசு யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது, அந்தப் பதிலை வற்புறுத்திப் பெறும் வழி யாருக்குத் திறந்திருக்கிறது?

2. இதுவரையான புரிதல்கள்

இவ்விஷயத்தில் பொதுவாக முன்வைக்கப்படும் கருத்துகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, ஆக்கிரமிப்புக் கதை. இதற்கு வலுவான வரலாற்றுச் சான்றுகள் உண்டு. குவாதமாலாவில் ஹகோபோ ஆர்பென்ஸ் அரசு நிலச்சீர்திருத்தத்தின் கீழ் யுனைடெட் ஃப்ரூட் நிறுவனத்தின் தரிசு நிலங்களைக் கையகப்படுத்தியதும், 1954-இல் அமெரிக்க உளவுத் துறையின் ஆதரவோடு அந்த அரசு கவிழ்க்கப்பட்டதும் ஆவணங்களில் உள்ளவை. சிலியில் சல்வதோர் அயெந்தே பதவியேற்பதைத் தடுக்க ஐ.டி.டி. என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் சிஐஏ-வுக்குப் பத்து லட்சம் டாலர் தர முன்வந்தது அமெரிக்க செனட் துணைக்குழுவின் 1973 விசாரணையில் வெளிப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1972 டிசம்பரில், அயெந்தே ஐ.நா. பொதுச்சபையிலேயே இந்நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் குற்றம் சாட்டியிருந்தார்.

இரண்டாவது, அளவுக் கதை. ஒரு நிறுவனத்தின் ஆண்டு விற்பனையை ஒரு நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியோடு வைத்து, நிறுவனமே பெரிது என்று காட்டும் பட்டியல்கள் அடிக்கடி அச்சாகின்றன. இந்த ஒப்பீட்டில் அடிப்படைப் பிழை இருக்கிறது. மொத்த உள்நாட்டு உற்பத்தி கூட்டு மதிப்பைக் கணக்கிடுகிறது. விற்பனை அப்படியன்று, வாங்கிய மூலப்பொருளின் விலையும் அதற்குள் இருக்கிறது. மேலும், எந்த நிறுவனத்துக்கும் வரி விதிக்கும் அதிகாரமோ சிறையோ படையோ இல்லை. அளவு மட்டும் செல்வாக்கை விளக்கிவிடாது.

மூன்றாவது, தேய்வுக் கதை. ரேமண்ட் வெர்னன் 1971-லும் சூசன் ஸ்ட்ரேஞ்ச் 1996-லும் எழுதிய நூல்கள், உலகச் சந்தையின் முன் தேச அரசு பின்வாங்கி வருவதைப் பேசின. இதற்கு எதிராக ஸ்டீஃபன் கிராஸ்னர் 1999-இல், இறையாண்மை எக்காலத்திலும் முழுமையாக இருந்ததில்லை, அரசுகள் தங்களுக்கு வசதிப்படும்போதெல்லாம் அதைத் தாங்களே விட்டுக்கொடுத்து வந்திருக்கின்றன என்று வாதிட்டார்.

கிராஸ்னரின் வாதம் இங்கே பயன்படும். குவாதமாலாவிலும் சிலியிலும் நிறுவனங்கள் திரைமறைவில் செய்ததை, 1980-க்குப் பின் அரசுகள் தாமே கையெழுத்திட்டுத் தந்த ஒப்பந்தங்கள் வெளிப்படையாக, சட்டப்படி செய்ய வைத்தன. ஆகவே தேய்ந்ததா, தேயவில்லையா என்ற சர்ச்சையை விட்டு, கையெழுத்திட்டது யார், எதற்காக, யாரைக் கேட்டு என்று பார்ப்பது பலன் தரும்.

3. கையெழுத்துகளின் பின்னணி

விடுதலை பெற்ற நாடுகள் தங்கள் வளங்களின் மீது முழு உரிமை கோரிய காலம் ஒன்று இருந்தது. 1962-இல் ஐ.நா. பொதுச்சபையின் 1803-ஆம் தீர்மானம் இயற்கை வளங்களின் மீதான நிரந்தர இறையாண்மையை அறிவித்தது. 1974-இல் புதிய பன்னாட்டுப் பொருளாதார ஒழுங்குக்கான பிரகடனம் வந்தது. அதே காலத்தில் மற்றொரு பாதையும் போடப்பட்டு வந்தது. மேற்கு ஜெர்மனியும் பாகிஸ்தானும் 1959-இல் உலகின் முதல் இருதரப்பு முதலீட்டு ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. இக்சிட் அமைப்பதற்கான யோசனை 1964-இல் டோக்கியோவில் கூடிய உலக வங்கிக் கூட்டத்தில் வைக்கப்பட்டபோது, லத்தீன் அமெரிக்க நாடுகள் உட்பட 21 நாடுகள் எதிர்த்து வாக்களித்தன. அந்நிய முதலீட்டாளர் உள்ளூர்ச் சட்டத்துக்கும் உள்ளூர் நீதிமன்றத்துக்கும் கட்டுப்பட்டவரே என்பது அவற்றின் நெடுநாள் கொள்கை. எதிர்ப்பை மீறி அடுத்த ஆண்டே சாசனம் உருவானது. இந்தியா இன்றுவரை அதில் சேரவில்லை.

1980-களின் கடன் நெருக்கடிக்குப் பிறகு காற்று திசை மாறியது. முன்பு எதிர்த்த நாடுகளே முதலீட்டைத் தேடி வரிசையில் நின்றன. இப்படிக் கையெழுத்தான இருதரப்பு ஒப்பந்தங்கள் இன்று மூவாயிரத்தை ஒட்டி இருக்கின்றன.

இலங்கை இந்தப் பாதையில் மற்றவர்களை முந்திக்கொண்டது. 1977-இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜெயவர்த்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. 1978-இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. அதே ஆண்டின் அரசியலமைப்பில் 157-ஆம் உறுப்புரை சேர்க்கப்பட்டது. தேசியப் பொருளாதார வளர்ச்சிக்கு இன்றியமையாதது என்று நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் ஏற்கும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் இலங்கையில் சட்ட வலிமை பெறும். தேசப் பாதுகாப்பின் பொருட்டு அல்லாமல் அதற்கு முரணாக எந்தச் சட்டமும் இயற்றலாகாது, எந்த நிர்வாக நடவடிக்கையும் எடுக்கலாகாது. அந்நிய முதலீட்டாளருக்குத் தரப்பட்ட வாக்குறுதி அரசியலமைப்பிலேயே பூட்டப்பட்டது. அதே ஆண்டுகளில் தமிழ் மக்களின் அரசியல் கோரிக்கைகளுக்கு அந்த அரசு தந்த பதில் 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டம். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே அரசு ஒரு தரப்பிடம் தன் கையைத் தானே கட்டிக்கொண்டதும் மறு தரப்பிடம் கட்டவிழ்த்துக்கொண்டதும் தெரியும்.

4. தீர்ப்புக்குள்ளே

1990 தீர்ப்பை நெருங்கிப் பார்ப்பது அவசியம். நிறுவனம் கேட்டது சுமார் 80 லட்சம் டாலர். ஒப்பந்தத்திலுள்ள 'முழுப் பாதுகாப்பு' என்ற சொற்றொடரை வைத்து, முதலீடு அழிந்தால் காரணம் எதுவானாலும் அரசே பொறுப்பு என்று அது வாதிட்டது. பண்ணை விடுதலைப் புலிகளுக்கு உதவியது, மோதலின்போதே சேதம் நேர்ந்தது என்றது அரசுத் தரப்பு.

மூவர் அடங்கிய மன்றம் நிறுவனத்தின் தீவிர வாதத்தை ஏற்கவில்லை. பண்ணையை அரசுப் படைகள்தான் அழித்தன என்பதும் உறுதியாக நிறுவப்படவில்லை என்றது. பிறகு எதற்காக இழப்பீடு? உரிய கவனத்தோடு நடந்துகொள்ளும் கடமையில் அரசு தவறியது என்பதற்காக. பண்ணை நிர்வாகம் அரசோடு தொடர்பில் இருந்தது. சந்தேகத்துக்குரிய பணியாளர்கள் யார் என்று சொன்னால் நீக்கிவிடுகிறோம் என்றும் தெரிவித்திருந்தது. படையை அனுப்புவதற்கு முன் அந்த அமைதியான வழியை அரசு பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும் என்று பெரும்பான்மை நடுவர்கள் கருதினர். கானாவைச் சேர்ந்த நடுவர் சாமுவேல் அசான்டே உடன்படாமல் தனிக் கருத்து எழுதினார்.

தீர்ப்பு எதை அளந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசின் குற்றமாகக் கண்டது, சந்தேகப் பட்டியலில் இருந்தோரை வேலையிலிருந்து நீக்கும் வாய்ப்பை உரிமையாளருக்குத் தராததை. விலை போடப்பட்டது உரிமையாளரின் பங்குகளுக்கு. அந்தப் பண்ணையில் வேலை செய்து உயிரிழந்தவர்கள் வழக்கின் உண்மைகளில் இடம்பெற்றார்கள். வழக்கின் தரப்பாக இடம்பெறவில்லை. இடம்பெறவும் முடியாது. ஒப்பந்தம் பாதுகாத்தது மற்ற நாட்டு முதலீட்டாளரை மட்டுமே. சொந்த நாட்டுக் குடிமக்கள் அதன் வரம்புக்கு வெளியே நின்றார்கள்.

நடுவர்களைக் குறை சொல்லி இதை முடித்துவிடலாகாது. அவர்கள் தங்கள் முன் வைக்கப்பட்ட ஒப்பந்தத்தைப் படித்தார்கள். அந்த ஒப்பந்தமோ, கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு இல்லாத வழியைப் பங்குதாரருக்குத் திறந்து வைத்திருந்தது. பன்னாட்டு நிறுவனங்களின் செல்வாக்கு இறையாண்மையின் மேல் பதிந்த இடம் இதுதான்.

5. வெற்றியின் விலை, தோல்வியின் விலை

முதலீட்டு வழக்குகள் அரசுகளின் கொள்கையை மாற்றுகின்றனவா? சான்றுகள் ஒரே திசையில் இல்லை. ஐ.நா. வர்த்தக, வளர்ச்சி மாநாட்டின் கணக்குப்படி முடிந்த வழக்குகளில் 37 சதவீத அளவுக்கு அரசுகளே வென்றன. முதலீட்டாளர்கள் வென்றது சுமார் 28 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு சமரசத்தில் முடிந்தது. இந்த எண்களைக் காட்டி, அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று ஆதரவாளர்கள் வாதிடுகிறார்கள்.

உருகுவே வழக்கு அவர்களுக்குச் சாதகமான எடுத்துக்காட்டு. சுமார் 34 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில், புற்றுநோய் மருத்துவரான தபரே பாஸ்கெஸ் அதிபராக இருந்தபோது புகையிலைக்கு எதிரான கடும் சட்டங்கள் வந்தன. சிகரெட் பெட்டியின் இரு பக்கங்களிலும் எச்சரிக்கைப் படம் 80 சதவீத இடத்தை நிறைக்க வேண்டும். ஒரு வணிகப்பெயரில் ஒரே வகை சிகரெட்தான் விற்கலாம். ஃபிலிப் மோரிஸ் தன் 12 வகைகளில் ஏழு வகைகளைச் சந்தையிலிருந்து விலக்க நேர்ந்தது. 2010-இல் சுவிட்சர்லாந்து – உருகுவே ஒப்பந்தத்தைக் கொண்டு அது வழக்குத் தொடுத்தது. 2016 ஜூலையில் உருகுவே வென்றது; அதன் வழக்குச் செலவில் 70 லட்சம் டாலரை நிறுவனமே தர வேண்டும் என்றும் தீர்ப்பானது.

ஆனால் உருகுவே செலவிட்டது ஒரு கோடி டாலருக்கு மேல். அமெரிக்கச் செல்வந்தர் மைக்கேல் ப்ளூம்பெர்க்கின் அறக்கட்டளை கைகொடுத்ததால்தான் ஆறு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடிந்தது. ஒரு நாடு தன் மக்களின் உடல்நலத்துக்காகச் சட்டம் இயற்றிவிட்டு, அதைக் காப்பாற்ற வேறொரு நாட்டுச் செல்வந்தரின் உதவியை நாட வேண்டியிருந்தது.

அதே நிறுவனம் ஆஸ்திரேலியாவின் மீதும் வழக்கிட்டது. அடையாளமற்ற சிகரெட் பெட்டிகளைக் கட்டாயமாக்கும் திட்டத்தை ஆஸ்திரேலியா 2010-லேயே அறிவித்துவிட்டது. அதன் பிறகு, 2011 பிப்ரவரியில், ஆஸ்திரேலியக் கிளையின் பங்குகளை ஹாங்காங் கிளை தன் பெயருக்கு மாற்றிக்கொண்டது. ஹாங்காங்கோடு ஆஸ்திரேலியா 1993-இல் செய்த ஒப்பந்தத்தைப் பயன்படுத்தவே இந்த ஏற்பாடு. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2012-இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்த பிறகும் வழக்கு ஓடியது. உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூறி 2015 டிசம்பரில் நடுவர் மன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. இடைப்பட்ட காலத்தில் நடந்தது என்ன? இதே போன்ற சட்டம் கொண்டுவர விரும்பிய நியூசிலாந்து, ஆஸ்திரேலிய வழக்கின் முடிவு தெரியும்வரை காத்திருப்பதாக 2013-இல் வெளிப்படையாகவே சொல்லி, 2016-இல்தான் சட்டத்தை நிறைவேற்றியது. வழக்கில் தோற்ற நிறுவனம் பக்கத்து நாட்டில் சில ஆண்டுகளை வென்றது. வெற்றி தோல்விக் கணக்கில் இந்த ஆண்டுகள் ஏறுவதில்லை.

தோற்றால் என்ன ஆகும் என்பதற்குப் பாகிஸ்தானின் ரெக்கோ திக் சாட்சி. பலூசிஸ்தானின் சாகை மாவட்டத்திலுள்ள இந்தச் செம்பு, தங்கப் படிவத்துக்குச் சுரங்கக் குத்தகை கோரிய டெத்யன் காப்பர் நிறுவனத்தின் விண்ணப்பம் 2011-இல் நிராகரிக்கப்பட்டது. அதன் அடித்தளமான 1993 உடன்படிக்கையே செல்லாது என்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் கூறியது. நிறுவனம் அங்கே செலவிட்டிருந்தது சுமார் 22 கோடி டாலர். 2019 ஜூலையில் இக்சிட் மன்றம் விதித்த தொகையோ வட்டியோடு சுமார் 590 கோடி டாலர். தோண்டப்படாத சுரங்கத்திலிருந்து எதிர்காலத்தில் கிடைத்திருக்கக்கூடிய லாபம் அதில் அடக்கம். அதே மாதம் பன்னாட்டு நாணய நிதியம் பாகிஸ்தானுக்கு ஒப்புதல் அளித்த மீட்புக் கடன் 600 கோடி டாலர். 2022-இல் சமரசம் ஏற்பட்டது. டெத்யனின் உரிமையாளர்களில் ஒன்றான பாரிக் நிறுவனம் பாதிப் பங்கோடு திட்டத்துக்குத் திரும்பியது. உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பு ஏட்டில் இருந்தது. நடப்பைத் தீர்மானித்தது நடுவர் மன்றத்தின் கணக்கு.

6. மறுபக்க வாதம்

இவ்வளவையும் வைத்து, முதலீட்டாளருக்கு எந்தப் பாதுகாப்பும் தேவையில்லை என்று முடிவுகட்டுவது நேர்மையாகாது. அரசுகளும் அத்துமீறுகின்றன. இந்தியாவின் அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் 1989-இல் கோல் இந்தியாவோடு ஒப்பந்தம் செய்து பிபர்வார் நிலக்கரிச் சுரங்க வேலையை எடுத்தது. தகராறு ஏற்பட்டு 2002-இல் வணிக நடுவர் தீர்ப்பு அதற்குச் சாதகமாக வந்தது. அதை நிறைவேற்றித் தரும்படி இந்திய நீதிமன்றங்களில் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தும் முடிவு கிடைக்கவில்லை. ஆஸ்திரேலிய ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு பாதுகாப்பை, இந்தியா குவைத்தோடு செய்த ஒப்பந்தத்திலிருந்து இரவல் பெற்று அது 2011 நவம்பரில் வழக்கில் வென்றது. அந்த இரவல் முறை விவாதத்துக்குரியது. காலதாமதம் உண்மை.

வோடஃபோன் விவகாரம் இன்னும் தெளிவானது. 2007-இல் ஹட்சிசனின் இந்தியத் தொழிலை, கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கும் வழியில் சுமார் 1,100 கோடி டாலருக்கு வோடஃபோன் கையகப்படுத்தியது. வரி கேட்டது இந்திய அரசு. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரி கேட்க முடியாது என்றது. சில மாதங்களிலேயே பிரணாப் முகர்ஜியின் நிதிநிலை அறிக்கை 1962 முதல் செல்லும்படி சட்டத்தைத் திருத்தியது. 2020 செப்டம்பரில் ஹேக் நடுவர் மன்றம் வோடஃபோனுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. டிசம்பரில், அதே முன்தேதியிட்ட வரியை எதிர்த்து வழக்கிட்ட கெய்ர்ன் எனர்ஜிக்கு 120 கோடி டாலர் தரச் சொன்னது இன்னொரு மன்றம். 2021-இல் கெய்ர்ன், ஏர் இந்தியாவின் சொத்துகளைக் குறிவைத்து நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனது. பாரிஸிலுள்ள இந்திய அரசின் சுமார் இருபது சொத்துகளை முடக்க பிரெஞ்சு நீதிமன்றத்தில் அனுமதியும் பெற்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் முன்தேதியிட்ட வரியை நீக்கியது. வாங்கிய சுமார் 8,100 கோடி ரூபாய் திருப்பித் தரப்பட்டது.

முன்தேதியிட்டு வரி விதித்தது மோசமான செயல் என்று பல இந்தியப் பொருளியலாளர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் கேமன் தீவுகளின் வழியே இந்தியச் சொத்தை விற்று வரியைத் தவிர்ப்பதைத் தடுக்க ஒரு நாடாளுமன்றத்துக்கு உரிமை உண்டா என்ற கேள்வியும் நியாயமானதே. அந்த இரண்டையும் நிறுத்துப் பார்க்க வேண்டிய இடம் நாடாளுமன்றமும் உச்ச நீதிமன்றமும். ஒன்பது ஆண்டுகள் அசையாத திருத்தம், பாரிஸ் சொத்துகளுக்கு முடக்க ஆணை வந்த சில வாரங்களில் நீங்கியது. தவறு திருத்தப்பட்டது நல்லதே. எந்த அழுத்தத்துக்கு அரசு அசைகிறது என்பதும் அங்கே பதிவாகிவிட்டது. ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் காத்திருந்த ஒன்பது ஆண்டுகளும் இந்திய நீதிமன்றங்களில் நிலத்துக்காகவும் கூலிக்காகவும் காத்திருக்கும் சாதாரண வழக்காளிக்குப் புதியவை அல்ல. அவருக்குக் குவைத் ஒப்பந்தம் கைகொடுக்காது.

7. எதிர்த்திசையில் மூடிய கதவு

போபாலை இங்கே சேர்த்துப் பார்க்காவிட்டால் படம் முழுமையாகாது. 1984 டிசம்பரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. பாதிக்கப்பட்டோரின் சார்பில் வழக்காடும் உரிமையை 1985 சட்டத்தின் மூலம் தானே ஏற்றுக்கொண்ட இந்திய அரசு, தாய் நிறுவனத்தின் நாடான அமெரிக்காவில் வழக்குத் தொடுத்தது. அங்கே நடந்தது வியப்பூட்டுவது. இந்திய நீதிமன்றங்களால் இவ்வழக்கைத் தாங்க முடியாது என்று இந்திய அரசின் தரப்பில் அமெரிக்கச் சட்ட அறிஞர் மார்க் கலான்டர் சாட்சியம் அளித்தார். இந்திய நீதித்துறை முழுத் தகுதி வாய்ந்தது என்று யூனியன் கார்பைடின் தரப்பில் நானி பால்கிவாலா சாட்சியம் அளித்தார். 1986 மே மாதம் நியூயார்க் நீதிபதி ஜான் கீனன், இந்திய நீதித்துறையின் தகுதியையும் நாட்டின் இறையாண்மையையும் மதிப்பதாகக் கூறி வழக்கை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார். 1989 பிப்ரவரியில் அது 47 கோடி டாலருக்குச் சமரசமானது. கூடுதல் இழப்பீடு கோரி மத்திய அரசு தாக்கல் செய்த மறுசீராய்வு மனுவை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தள்ளுபடி செய்தது.

போபால் சமரசத்துக்கும் இறால் பண்ணைத் தீர்ப்புக்கும் இடையே பதினாறு மாதங்கள்தான். ஒன்றில், பாதிக்கப்பட்ட மக்கள் எல்லை தாண்டி நிறுவனத்தைத் தேடிச் சென்றபோது, உள்ளூர் நீதிமன்றத்தின் மாண்பு காட்டப்பட்டு அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மற்றொன்றில், நிறுவனம் எல்லை தாண்டி அரசைத் தேடி வந்தபோது, உள்ளூர் நீதிமன்றத்தின் வாசலை மிதிக்காமலேயே அதற்குத் தீர்ப்புக் கிடைத்தது. இறையாண்மை ஒரு பக்கம் வேலியாகவும் மறுபக்கம் திறந்த வாசலாகவும் நின்றது. இரண்டு இடத்திலும் பலன் முதலீட்டுக்கே சேர்ந்தது.

இந்தச் சமச்சீரின்மையைச் சரிசெய்யும் முயற்சி நடக்காமலில்லை. நிறுவனங்களின் மனித உரிமைப் பொறுப்பைச் சட்டப்படி நிலைநாட்டும் ஒப்பந்தம் ஒன்றுக்காக, எக்வடோரும் தென்னாப்பிரிக்காவும் முன்மொழிந்த தீர்மானம் 2014-இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பேச்சுவார்த்தைதான் நடக்கிறது. முதலீட்டாளருக்கான ஒப்பந்தங்களோ அதே பத்தாண்டில் புதிது புதிதாகக் கையெழுத்தாகி வருகின்றன.

8. திரும்பப் பெறுதல்

கையெழுத்திட்டுத் தந்ததைக் கையெழுத்திட்டே திரும்பப் பெறவும் முடிகிறது. தென்னாப்பிரிக்கா 2012 முதல் தன் ஒப்பந்தங்கள் பலவற்றை முடித்துக்கொண்டு 2015-இல் உள்நாட்டு முதலீட்டுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. முதலீட்டாளர் அரசின் மீது வழக்கிட வழிவகுக்கும் எந்த ஒப்பந்தத்தையும் பிரேசில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததில்லை; ஆயினும் வளரும் நாடுகளில் மிக அதிக அந்நிய முதலீடு பெறுபவற்றுள் அது ஒன்று. 2024 ஏப்ரலில் எக்வடோரின் அரசே இந்த நடுவர் முறையை மீண்டும் ஏற்க மக்களிடம் அனுமதி கேட்டது. பொது வாக்கெடுப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்துவிட்டார்கள். இப்படியொரு கேள்வி மக்களிடம் நேரடியாக வைக்கப்படுவது மிக அரிது.

இந்தியா 2015 டிசம்பரில் புதிய மாதிரி ஒப்பந்தத்தை ஏற்றது. வரி விவகாரங்கள் விலக்கப்பட்டன. ஐந்து ஆண்டுகள் உள்நாட்டு நீதிமன்றங்களில் முயன்ற பிறகே நடுவர் மன்றம் செல்லலாம் என்றானது. இன்னொரு ஒப்பந்தத்திலிருந்து சலுகையை இரவல் வாங்கும் வழியும் அடைக்கப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் 58 நாடுகளுக்கு ஒப்பந்த முடிவு அறிவிப்பு அனுப்பப்பட்டது. ஆனால் 2024-இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தில் ஐந்து ஆண்டுகள் மூன்றாகக் குறைந்தன. 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில், மாதிரி ஒப்பந்தம் முதலீட்டாளருக்கு இணக்கமாகத் திருத்தப்படும் என்று நிதியமைச்சர் அறிவித்தார்.

இந்தத் திருத்தம் தமிழ்நாட்டுக்கு நேரடியாகப் பொருள்படும். 2008-இல் தமிழ்நாடு அரசோடு செய்த உடன்படிக்கையின் பேரில் ஒரகடத்தில் கார் ஆலை அமைத்த நிசான், வாக்களிக்கப்பட்ட ஊக்கத்தொகை வரவில்லை என்று கூறி, இந்தியா – ஜப்பான் பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தத்தின் கீழ் இந்திய அரசின் மீது வழக்கிட்டது. கோரிய தொகை 5,000 கோடி ரூபாயைத் தாண்டியது. 2020-இல் அது பேசித் தீர்க்கப்பட்டது. வாக்குறுதி கொடுத்தது மாநிலம், கூண்டில் நின்றது ஒன்றிய அரசு, ஊக்கத்தொகையின் சுமை மாநில மக்களின் வரிப்பணத்தின் மேல். அந்த வாக்குறுதியின் முழு விவரமும் கையெழுத்தாகும் முன் சட்டமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்றிய அரசு செய்யும் முதலீட்டு ஒப்பந்தத்துக்கும் இந்திய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை.

2015-இல் மாதிரி ஒப்பந்தத்தின் வரைவு பொதுமக்களின் கருத்துக்கு வெளியிடப்பட்டது. சட்ட ஆணையம் தன் 260-ஆம் அறிக்கையில் அதைப் பத்தி பத்தியாக ஆராய்ந்தது. அந்த நடைமுறை விதிவிலக்காக இல்லாமல் விதியாக வேண்டும். இனி வரும் வரைவு நாடாளுமன்றக் குழுவின் முன்னும், பொறுப்பைச் சுமக்கப்போகும் மாநிலச் சட்டமன்றங்களின் முன்னும் வைக்கப்பட வேண்டும். பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல், தொழிலாளர் பாதுகாப்பு ஆகியவற்றுக்கான சட்டங்களை இழப்பீட்டுக் கோரிக்கையிலிருந்து தெளிவான சொற்களில் விலக்க வேண்டும். இழப்பீடு உண்மையில் செலவிட்ட முதலீட்டோடு நிற்க வேண்டும். வராத லாபம் அதில் சேரலாகாது. வழக்கிடும் உரிமை பெறும் நிறுவனம், தன் செயலால் உயிரோ உடைமையோ இழந்தவர்கள் தன் தாய்நாட்டு நீதிமன்றத்தில் வழக்கிட்டால் அதற்கு உட்படுவதாக அதே ஒப்பந்தத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பந்த மேசையில் இந்தக் கடைசி நிபந்தனையை வைக்க இந்தியாவும் இலங்கையும் முன்வருகின்றனவா என்பதைக் கொண்டே, இவ்விரு அரசுகள் இறையாண்மையைப் பற்றிப் பேசும் பேச்சை அவற்றின் குடிமக்கள் மதிப்பிட முடியும்.